பரம்பரை விழித்திரை நோய்ப் புரதங்கள்: செல்லுக்குள் எங்கே, யாரோடு?

கேள்வி இதுதான். தருமபுரியில் எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருவர், பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான புரதங்களைச் செல்லுக்குள் அவை இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்து அட்டவணை போடுகிறார். தரவுத்தளத்தில் தேடினால் எதை எடுத்தாலும் 'சிலியம்' (செல்லிலிருந்து மயிர் போல நீளும் உறுப்பு) என்றே வருகிறது. ஒவ்வொரு புரதத்துக்கும் அதைப் பிடித்து வேலை செய்யும் வேறு புரதங்கள் என்று முப்பது நாற்பது கூட்டாளிகளைக் காட்டுகிறது. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? பாலக்கோடு பக்கம் 'மாலைக்கண்' என்று சொல்லிக்கொண்டு இருக்கும் குடும்பங்களுக்கு இந்த அட்டவணையால் பயன் உண்டா?

பயன் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்தச் சிலியம் சிக்கலை அவிழ்க்க வேண்டும்.

விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒளியேற்பி செல்லின் மேல்பகுதியான வெளித்துண்டம் இருக்கிறதே, அதுவே உருமாறிய ஒரு சிலியம்தான். ஆகவே வெளித்துண்டத்தின் தட்டுகளில் அடுக்கியிருக்கும், ஒளியை உணரும் ரொடாப்சினுக்கும் 'சிலியம்', அடியில் வாயிலைக் காக்கும் செப்-290 புரதத்துக்கும் 'சிலியம்' என்று தரவுத்தளம் எழுதிவிடுகிறது. அரூரில் இருப்பவருக்கும் பென்னாகரத்தில் இருப்பவருக்கும் 'தருமபுரி மாவட்டம்' என்று மட்டும் முகவரி எழுதிய கதை. தவறில்லை, ஆனால் தபால் போய்ச் சேராது. உங்கள் அட்டவணையில் அந்த ஒரு சொல்லைக் குறைந்தது ஐந்தாக உடைக்க வேண்டும்: சிலியத்தின் வேரான அடித்துகள், இணைப்பு சிலியம், அதைச் சுற்றிக் காலர் போல நிற்கும் உள்துண்டச் சவ்வு, தட்டின் விளிம்பு, தட்டின் பரப்பு. வெளித்துண்டத்தின் வெளிச்சவ்வை ஆறாவதாகச் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையில் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் வரும் லாரி அத்தனையும் அந்த ஒரு சரிவில்தான் ஏறி இறங்க வேண்டும். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் கிருஷ்ணகிரி வரைக்கும் சரக்கு நிற்கும். ஒளியேற்பியில் அந்தக் கணவாய்தான் இணைப்பு சிலியம். அகலம் சுமார் 0.3 மைக்ரான், நீளம் ஒரு மைக்ரானும் கொஞ்சமும். புரதம் செய்யும் பட்டறை எல்லாம் கீழே உள்துண்டத்தில். வெளிச்சத்தைப் பிடிக்கும் தட்டுகள் எல்லாம் மேலே வெளித்துண்டத்தில். மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல் ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள், பத்துக் கோடி ரொடாப்சின் மூலக்கூறுகள். தினமும் நுனியிலிருந்து பத்தில் ஒரு பங்கு உதிர்ந்து போகிறது. பக்கத்தில் இருக்கும் நிறமிப் படலம் அதை விழுங்கிவிடுகிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு ஒரு கோடி, அதாவது விநாடிக்கு நூற்றுக்கு மேல் ரொடாப்சின் அந்தக் கணவாயில் ஏற வேண்டும். அதுவும் ஒரு செல்லில் மட்டும்.

செப்-290 அந்தக் கணவாயின் சுவர்ப் பகுதியில் நிற்கிறது. நடுவில் இருக்கும் ஒன்பது ஜோடி நுண்குழல்களையும் வெளிச் சவ்வையும் இணைக்கும் கவட்டை வடிவக் கம்பிகளோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆர்பிஜிஆர் என்ற புரதமும் அங்கேதான். ஆனால் அது தானாக அங்கே நிற்பதில்லை. ஆர்பிஜிஆர்ஐபி-1 என்ற இன்னொன்று அதைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. ஆர்பிஜிஆர்ஐபி-1 இல்லாத எலியில் ஆர்பிஜிஆர் இணைப்பு சிலியத்தில் தங்குவதே இல்லை. மரபணு பழுதில்லை, புரதம் உற்பத்தியாகிறது, ஆனால் இடத்தில் இல்லை. இதுதான் 'இடம்', 'கூட்டாளி' என்ற இரண்டு பத்திகளையும் உங்கள் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டிய காரணம். ஆர்பிஜிஆர்ஐபி-1இன் இன்னொரு கை என்பிஹெச்பி-4ஐப் பிடித்திருக்கிறது. என்பிஹெச்பி குடும்பம் சிறுநீரகக் குழாய் செல்களின் சிலியத்திலும் வேலை செய்கிறது. கண்ணும் சிறுநீரகமும் ஒன்றாகப் பழுதாகும் சீனியர்-லோக்கன் நோய் எங்கிருந்து வருகிறது என்பது இந்த ஒரு பிடியிலேயே தெரிந்துவிடும்.

கணவாயின் உட்சுவர் பற்றி 2022இல் வந்த ஓர் ஆய்வு பார்க்க வேண்டியது. திசுவை ஜெல்லில் பதித்து நாலு மடங்கு வீங்க வைத்துப் பார்க்கும் முறையில், நுண்குழல் ஜோடிகளை உள்பக்கமிருந்து தைத்து வைத்திருக்கும் ஒரு சாரம் தெரிந்தது. எஃப்ஏஎம்-161ஏ அந்தச் சாரத்தின் ஓர் உறுப்பு. அது இல்லாத எலியில் ஜிப் பிரிவதுபோல நுண்குழல்கள் விரிந்து, பிறகு வெளித்துண்டம் குலைந்தது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 0.2 மைக்ரானுக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. 0.3 மைக்ரான் அகலமுள்ள கணவாயில் உட்சுவரா வெளிச்சுவரா என்று அதில் சொல்ல வழியே இல்லை. பழைய கட்டுரையில் 'இணைப்பு சிலியம்' என்று மட்டும் இருந்தால் அது அந்தக் கருவியின் எல்லை.

கணவாய்க்கு வெளியே, உள்துண்டத்தின் நுனியில் காலர் போல ஒரு சவ்வு மடிப்பு. அஷரின், ஏடிஜிஆர்வி-1, விர்லின் மூன்றும் அங்கே கூட்டுக்குடும்பம். விர்லினில் பிடிஇசட் என்ற கொக்கிப் பகுதிகள் உண்டு. மற்ற இரண்டின் வால் முனையும் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விர்லினை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் இடம் மாறிவிடும். இதே மூன்றும் காதுக்குள் மயிர் செல்களின் இழைகளை அடியில் கட்டி வைக்கும் இணைப்பிலும் இருக்கின்றன. அதனால்தான் அஷர் இரண்டாம் வகையில் பிறவியிலேயே காது மந்தம், பதின்ம வயதில் மாலைக்கண் என்று இரண்டும் சேர்ந்து வருகிறது.

அஷர் முதல் வகைப் புரதங்களில் ஒரு பொறி இருக்கிறது. எலியை மட்டும் வைத்து இடம் எழுதினால் ஏமாந்துவிடுவோம். குரங்கிலும் தவளையிலும் வெளித்துண்டத்தின் அடியைப் பூவிதழ் மாதிரி அணைத்து நிற்கும் நீட்சிகளில் இவை தெளிவாகத் தெரிகின்றன. கொறிவிலங்குகளில் அந்த நீட்சிகளே சரியாக வளர்வதில்லை. அஷர் முதல் வகை எலிகளுக்குக் காது கேட்காது, கண் பெரும்பாலும் கெடாது என்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். இஒய்எஸ் என்ற மரபணு எலியில் இல்லவே இல்லை. ஆகவே 'எந்த விலங்கு' என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

அடுத்தது சரக்கு ஏற்றும் ஆட்கள். கொழுப்பு வால் ஒட்டப்பட்ட புரதங்கள், உதாரணமாக பிடிஇ-6 என்சைம், தண்ணீர்ப் பதமான சைட்டோபிளாசத்தில் தனியாகப் போக முடியாது. முதலில் அதை மடித்துச் சரியான வடிவில் வார்க்க ஏஐபிஎல்-1 வேண்டும். பிறகு பிடிஇ-6-டெல்டா அந்தக் கொழுப்பு வாலைத் தன் பைக்குள் செருகிக்கொண்டு சுமந்து போகும். மேலே போனதும் ஏஆர்எல்-3 என்ற புரதம், ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பிடித்த நிலையில் வந்து தட்டிவிட்டால் சரக்கு இறங்கும். இறக்கிய ஏஆர்எல்-3ஐத் திரும்ப அணைத்து வைப்பது ஆர்பி-2 என்ற புரதம். இந்தச் சங்கிலியில் ஏஐபிஎல்-1 பழுதானால் குழந்தையிலேயே பார்வை போகும் லெபர் நோய். ஆர்பி-2 பழுதானால் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது மாலைக்கண்ணில் தொடங்கி விழித்திரை மெல்ல அழியும் நோய். நோயின் பெயர் வேறு, முகவரியும் வேறு, ஆனால் வழித்தடம் ஒன்று. ஒரே வழித்தடத்தில் இருப்பவற்றை அட்டவணையில் ஒரே நிறத்தில் காட்டுங்கள். நோய்ப் பெயர்ப்படி பிரித்தால் இது மறைந்துவிடும்.

இப்போது தட்டின் விளிம்பு. கூட்டாளி என்ற சொல்லுக்கு என்ன எடை என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

தட்டு ஒவ்வொன்றும் தோசைக்கல்லைப் போலத் தட்டையானது. ஓரத்தில் சவ்வு கூர்மையாக வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவைப் பிடித்து வைப்பவை பெரிஃபெரின்-2, ரோம்-1 என்ற இரண்டு புரதங்கள். நான்கு நான்காகச் சேர்ந்து, அந்த நான்குகள் மேலும் கோர்த்துச் சங்கிலியாகி விளிம்பு முழுக்க ஓடுகின்றன. 1994இல் சில குடும்பங்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. பெரிஃபெரின்-2இன் 185ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் இருந்தது. அது மட்டும் இருந்தவர்களுக்குக் கண் நோய் இல்லை. வேறு சிலருக்கு ரோம்-1இன் ஒரு பிரதி செயலற்றுப் போயிருந்தது. அவர்களுக்கும் நோய் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தபோதுதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. ஒரு மரபணு 6ஆம் குரோமோசோமில், மற்றது 11இல். மரபியலை மட்டும் வைத்துப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு.

காரணம் பிறகு தெளிந்தது. 185இல் புரோலின் வந்த பெரிஃபெரினால் தன் இனத்தோடு நால்வராகச் சேர முடியாது. ரோம்-1 கை கொடுத்தால் சேரும். ரோம்-1 போதுமான அளவு இருக்கும்வரை விளிம்பு தாங்குகிறது. அதிலும் பாதி குறைந்துவிட்டால், சேர்ந்த நால்வர்களின் மொத்த எண்ணிக்கை தேவைக்குக் கீழே போய்விடுகிறது. ஆக இங்கே நோய் ஒரு புரதத்தின் நோயே அல்ல, ஒரு பிடியின் நோய். இதே பெரிஃபெரின்-2இல் 172ஆம் இடத்தில் ஆர்ஜினைன் டிரிப்டோஃபனாக மாறினால், பாதிப்பு குச்சி செல்லைவிட, விழித்திரையின் மையமான மாக்குலாவில்தான் வருகிறது. ஒரே முகவரி, ஒரே புரதம், ஆனால் எந்த விரல் உடைந்தது என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது. அட்டவணையில் மரபணுவுக்கு ஒரு வரி என்று வைக்காமல், முக்கியமான சிலவற்றுக்காவது பிறழ்வுக்கு ஒரு வரி வையுங்கள்.

ரொடாப்சினுக்கும் அப்படியே. 1990இல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பிறழ்வில் 23ஆம் புரோலின் ஹிஸ்டிடினாக மாறியிருந்தது. அந்தப் புரதம் சரியாக மடியாமல், புரதங்களைச் செய்து மடிக்கும் எண்டோபிளாச வலையிலேயே பெருமளவு சிக்கிக்கொள்கிறது. பட்டறையை விட்டே கிளம்பாத லாரி அது. 347ஆம் புரோலின் லியூசினானால் மடிப்பு சரி, ஆனால் கடைசி முனையில் இருக்கும் விலாசச் சீட்டு கிழிந்துவிட்டது. கணவாய் ஏற வேண்டியது உள்துண்டச் சவ்விலும் செல்லின் அடியிலும் போய் இறங்குகிறது. இரண்டும் ரொடாப்சின் நோய்தான். ஆனால் முதலாவதற்கு மடிப்பைச் சரிசெய்யும் மருந்து உதவுமா என்று கேட்கலாம். இரண்டாவதற்கு அந்தக் கேள்வியே பொருந்தாது.

புரதம் இருக்கும் இடமும் அழிவு தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மையப் பார்வை கெடும் ஸ்டார்கார்ட் நோயின் ஏபிசிஏ-4 முதன்மையாகத் தட்டின் விளிம்பில் இருந்து, வெளிச்சம் பட்டு மிஞ்சிய வைட்டமின் ஏ-ஆல்டிஹைடைத் தட்டின் உட்பக்கத்திலிருந்து வெளியே புரட்டிவிடுகிறது. அது நின்றால் அந்த ஆல்டிஹைடு இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். தட்டு உதிரும்போது கூடவே நிறமிப் படலத்துக்குப் போய் லிப்போஃபுஸ்சின் என்ற தானாக ஒளிரும் கழிவாகத் தேங்கும். முதலில் சாவது நிறமிப் படலம், பிறகுதான் ஒளியேற்பி. ஆர்பிஇ-65 இதற்கு நேர் எதிர். அது நிறமிப் படலத்தின் எண்டோபிளாச வலையில் உட்கார்ந்து 11-சிஸ் வைட்டமின் ஏ தயாரிக்கிறது. அது இல்லாவிட்டால் ஒளியேற்பிக்கு மூலப்பொருளே வராது. மருத்துவமனையில் தன்னொளிர்வுப் படம் எடுத்தால் ஸ்டார்கார்டில் கண் பளிச்சென்று ஒளிரும், ஆர்பிஇ-65 நோயில் ஏறக்குறைய இருட்டாக இருக்கும். லிப்போஃபுஸ்சின் செய்யத் தேவையான பொருளே உற்பத்தியாகவில்லை அல்லவா?

நிறமிப் படலத்தில் இருக்கும் மற்றவை சுருக்கமாக: மேல் ஓரத்தில் உதிர்ந்த தட்டை விழுங்கத் தூண்டும் மெர்டிகே, அடிப்பக்கச் சவ்வில் குளோரைடு வாசலான பெஸ்ட்ரோஃபின்-1. இந்தப் பெஸ்ட்ரோஃபின் பழுதாவதால் வரும் பெஸ்ட் நோயில் விழித்திரை மின்வரைவு இயல்பாகவே வரும். கண் மின்வரைவில், வெளிச்சத்தில் வரும் உச்சத்துக்கும் இருட்டில் வரும் தாழ்வுக்கும் உள்ள ஆர்டன் விகிதம்தான் 1.5க்குக் கீழே விழும். ஏனென்றால் அந்தச் சோதனை அளப்பதே நிறமிப் படலத்தின் அடிச் சவ்வை. வெளியே சுரந்து எட்டு எட்டாக வளையம் போட்டு விழித்திரை அடுக்குகளை ஒட்டி வைக்கும் ரெட்டினோஸ்கிசின் செல்லுக்கு வெளியே முகவரி உள்ள ஒன்று. அதற்கு 'சுரப்பு' என்று தனிக் கட்டம் தேவை.

எல்லோரையும் குழப்புவது உட்கருவில் இருக்கும் கூட்டம். பிஆர்பிஎஃப்-31, பிஆர்பிஎஃப்-8, பிஆர்பிஎஃப்-3 ஆகியவை ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் உறுப்புகள். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் இருப்பவை, ஆனால் பழுதானால் பாதிப்பு விழித்திரையில் மட்டும். பிஆர்பிஎஃப்-31 நோயில் அப்பாவுக்கும் பேரனுக்கும் நோய், நடுவில் உள்ள மகனுக்கு ஒன்றுமில்லை என்ற குடும்பங்கள் உண்டு. நல்ல பிரதி அதிகமாக உற்பத்தி செய்பவர் தப்பித்துவிடுகிறார். 'ஒரு தலைமுறை விட்டு வந்திருக்கிறது, அதனால் இது இரட்டைப் பிரதி நோய்தான்' (மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோய்) என்று முடிவு கட்டுவது இங்கே தவறும்.

இனி எதை நம்புவது என்பதற்கு வருவோம். புரதங்களுக்கு இடையிலான தொடர்புகளைக் கோடாகக் காட்டும் ஸ்ட்ரிங் தரவுத்தளத்தில் கோடு போட்டிருப்பதெல்லாம் பிடி அல்ல. இரண்டு பெயரும் ஒரே கட்டுரையில் வந்தாலே அது ஒரு கோடு போட்டுவிடும். விழித்திரை நோய் மரபணுக்கள் எல்லாமே மருத்துவப் பட்டியல்களில் ஒன்றாக அச்சாகின்றன. அதனால் ரொடாப்சினுக்கும் பிஆர்பிஎஃப்-31க்கும்கூடத் தொடர்பு காட்டும். ஒன்று தட்டில், மற்றது உட்கருவில். எங்கே போய்க் கை குலுக்கும்? அமைப்பில் 'சோதனை' என்ற ஒரு வழியை மட்டும் வைத்து, மீதியை அணைத்துவிட்டு, மதிப்பெண்ணை 0.7க்கு மேல் வைத்துப் பாருங்கள். நாற்பது கூட்டாளிகள் ஐந்தாறாகச் சுருங்கும். அந்த ஐந்தாறையும் மூலக் கட்டுரையில் படிக்க வேண்டும். படிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஈஸ்ட் செல்லில் இரண்டு புரதத் துண்டுகளை மோதவிடும் சோதனை நடப்பது ஈஸ்ட்டின் உட்கருவில். சவ்வைத் துளைத்து நிற்கும் புரதத்துக்கு அது பொருந்தாது. செப்-290 மாதிரி முறுக்குக் கயிறு வடிவப் புரதங்களின் துண்டுகள் எதிலும் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு அந்தச் சோதனை மட்டும் போதாது.

குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியால் ஒன்றைப் பிடித்து இழுத்து மற்றது கூட வருகிறதா என்று பார்ப்பதில், எந்தச் சோப்பைப் போட்டுச் செல்லைக் கரைத்தார்கள் என்பதுதான் உயிர்நாடி. எஸ்டிஎஸ் என்ற கடுமையான சோப்பைப் போட்டால் பிடி எல்லாம் அறுந்துவிடும். சோப்பு போதாவிட்டால் சவ்வுத் துணுக்குகள் முழுசாகவே வரும், பக்கத்தில் இருந்தவை எல்லாம் கூட்டாளி போலத் தெரியும். 1 சதவீத டிடிஎம் போன்ற மென்மையானது தட்டுப் புரதங்களுக்கு ஏற்றது. அந்தப் புரதமே இல்லாத விலங்கின் திசுவில் அதே சோதனையைச் செய்து காட்டியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். சம்பந்தமில்லாத ஆன்டிபாடியைப் போட்டு ஒப்பிடும் ஐஜிஜி கட்டுப்பாடு மட்டும் என்றால் பாதி.

ரொடாப்சின் மாதிரியை 95 டிகிரியில் கொதிக்க வைத்து, புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஏற்றுவது புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் விழும் குழி. மற்ற புரதங்களுக்குக் கொதிக்க வைப்பது வழக்கம்தான். இது மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால் போதும். பெரிஃபெரின்-2க்கு ஒடுக்கி (கந்தகப் பாலத்தை அறுக்கும் வேதிப்பொருள்) சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு ஜெல் ஓட்ட வேண்டும். 150ஆம் சிஸ்டீன் வழியாக அது சக புரதத்தோடு கந்தகப் பாலம் போடுகிறது. ஒடுக்கி சேர்த்தால் அந்தப் பாலம் தெரியாமலே போய்விடும்.

ஆன்டிபாடி எங்கே ஒட்டுகிறது என்று கேளுங்கள். ரொடாப்சினுக்கு எல்லோரும் வாங்கும் 1டி4, கடைசி ஒன்பது அமினோ அமிலங்களில் ஒட்டும். 344ஆம் இடத்தில் நின்றுபோகும் பிறழ்வில் கடைசி ஐந்தும் இல்லை. 1டி4 போட்டுப் பார்த்துவிட்டு 'பிறழ்ந்த புரதம் உற்பத்தியாகவே இல்லை' என்று எழுதினால் முழுத் தவறு. முன்முனையில் ஒட்டும் 4டி2 போட்டால் அது உள்துண்டத்தில் சிதறிக் கிடப்பது தெரியும். புரதத்தின் இடத்தைப் பார்க்க அதன் முனையில் அடையாள வால் ஒட்டுவதிலும் இதே கதை. ஆர்பி-2இன் முன்முனையில் பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டினால், அங்கே ஏற வேண்டிய கொழுப்பு ஏறாது. சவ்வில் இருக்க வேண்டியது செல் முழுக்கப் பரவித் தெரியும். படம் மிக அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

நிறமிப் படலத்தில் சாயம் போடுவதானால், மனிதத் திசுவில் லிப்போஃபுஸ்சின் எல்லா நிறத்திலும் தானாகவே ஒளிரும். ஆன்டிபாடி போடாத ஒரு வெட்டை அதே கேமரா அமைப்பில் படம் எடுக்காத கட்டுரையை நம்பாதீர்கள். 70 சதவீத ஆல்கஹாலில் 0.1 சதவீத சூடான் பிளாக் பி போட்டுத் தணிக்கலாம். கணவாய்ப் புரதங்களுக்கு வேறு சிக்கல்: 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க ஊறவைத்தால் ஆர்பிஜிஆர் போன்றவை ஆன்டிபாடிக்குத் தெரியாமல் போகும். பதப்படுத்தாத உறைவெட்டை எடுத்து, சில நிமிடம் மட்டும் பதப்படுத்த வேண்டும்.

வெளிச்சம் என்ன நிலை என்பதைக் குறிக்காத கட்டுரைகளும் நிறைய. இருட்டில் வைத்த விலங்கில், ஒளிச் செய்தியைக் கடத்தும் டிரான்ஸ்டியூசின் வெளித்துண்டத்தில், அந்தச் செய்தியை அணைக்கும் அரெஸ்டின் உள்துண்டத்தில் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டால் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். இரண்டு ஆய்வுக்கூடங்கள் எதிரெதிராக எழுதியிருந்தால், இரண்டும் சரியாக இருக்கலாம்.

கையால் செய்து பார்க்க விரும்பினால், விலை உயர்ந்த கருவி இல்லாமலேயே ஒன்று முடியும். காலையில் ஆட்டிறைச்சிக் கடையில் சொல்லிவைத்து, வெட்டிய உடனே கண்களை ஐஸில், கறுப்புப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். மங்கலான சிவப்பு விளக்கில் கார்னியாவை வெட்டி, லென்ஸையும் ஜெல்லையும் எடுத்துவிட்டால் விழித்திரை மெல்லிய தோல்போல உரிந்து வரும். சமச்செறிவு பஃபரில் போட்டு ஒரு நிமிடம் மெதுவாகக் குலுக்கினால் பஃபர் கலங்கும். அந்தக் கலங்கல்தான் வெளித்துண்டங்கள். எங்கே ஒடிந்தன? அதே கணவாயில், இணைப்பு சிலியத்தில். சுக்ரோஸ் படியில் சுழற்றி எடுத்தால் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். சாதாரண விளக்கைப் போட்டால் கண்முன்னே மஞ்சளாக வெளுக்கும். வெளித்துண்டப் பகுதி, மீதிப் பகுதி என்று இரண்டையும் ஜெல்லில் ஓட்டினால், 'தட்டில் இருக்கிறது' என்று எழுதிய ஒரு புரதத்தை நீங்களே சரிபார்க்கலாம். ஒடிந்த இடம் ஒரே மாதிரி இருக்காது, இணைப்பு சிலியம் சில நேரம் மேல் துண்டோடு வரும், சில நேரம் கீழேயே தங்கும். ஆகவே கணவாய்ப் புரதங்களுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம்.

கடைசியாக, குடும்பங்கள். மாலைக்கண் என்றதும் முருங்கைக் கீரையும் பப்பாளியும் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். வைட்டமின் ஏ குறைவால் வந்ததானால் அது சரிதான். பரம்பரை நோய்க்கு அது மருந்தல்ல. சாப்பாட்டில் சேர்ப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் ஏபிசிஏ-4 நோயில் வைட்டமின் ஏ மாத்திரை போட்டால் நிறமிப் படலத்தில் தேங்கும் கழிவு கூடும், அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். மரபணு தெரியாமல் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அக்கா மகளைக் கட்டியிருந்தால், பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒன்று. அத்தகைய குடும்பங்களில் இரட்டைப் பிரதி நோய்களை முதலில் தேட வேண்டும். அதற்காக ஆர்பிஜிஆர் போன்ற எக்ஸ் வழி நோயை மறந்துவிடக் கூடாது. பையன்களுக்கு மட்டும் சிறு வயதில் வந்து, அம்மா வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்திருந்தால் அதுவாக இருக்கலாம். ஆர்பிஜிஆர் பிறழ்வுகளில் பெரும்பாலானவை ஓஆர்எஃப்-15 என்ற ஒரே எக்ஸானில் (மரபணுவில் புரதத்துக்கான செய்தி உள்ள துண்டு) வருகின்றன. அந்தப் பகுதி ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால், எக்ஸான்களை மட்டும் படிக்கும் வழக்கமான எக்ஸோம் சோதனை சரியாகப் படிக்காமல் 'எதுவும் இல்லை' என்று அறிக்கை தந்துவிடும். செப்-290இல் ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் பிறழ்வும், எக்ஸான்களுக்கு இடையில் உள்ள இன்ட்ரானுக்குள் ஆழமாக இருப்பதால் எக்ஸோமில் தப்பிவிடும். அறிக்கை காலியாக வந்தால் 'ஓஆர்எஃப்-15 தனியாகப் பார்த்தீர்களா' என்று கேட்பது நியாயமான கேள்வி.

உங்கள் அட்டவணையின் இடப் பத்தி இங்கேதான் கைகொடுக்கும். பழுதான புரதம் கணவாய்க் கூட்டம் என்றால் கண்ணோடு நிற்காமல் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீர், சிறுநீரக ஸ்கேன் பார்க்கச் சொல்ல வேண்டும். குறிப்பாக என்பிஹெச்பி-5 நோயில் குழந்தைக்குக் கண் முதலில் போய், சிறுநீரகம் சில ஆண்டுகள் கழித்துப் போகும். காலர் கூட்டம் என்றால் காது கேட்கும் சோதனை. ஆறு விரல், சிறு வயதிலேயே உடல் பருமன் என்றால் சிலியத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிபிஎஸ் கூட்டம். தட்டின் விளிம்பு என்றால் உடம்பில் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

சிகிச்சை என்று கேட்பார்கள். ஆர்பிஇ-65க்கு மட்டும் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் மரபணு மருந்து அனுமதி பெற்றது. ஒரு கண்ணுக்கு 0.3 மில்லி, அதில் நல்ல மரபணுவைச் சுமந்து செல்லும் 15,000 கோடி வைரஸ் துகள்கள், விழித்திரைக்கு அடியில் ஊசி. அறிமுகமானபோது விலை இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர். அந்த வைரஸில் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான் கொள்ளும். ஆர்பிஇ-65க்கு 1,600 எழுத்து, அது ஏறிவிட்டது. ஏபிசிஏ-4க்கு 6,800, அஷரினுக்கு 15,600. பெரிய புரதங்கள் காத்திருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

மரபணுச் சோதனைக்கு அனுப்பும்போது நோயாளியின் ரத்தம் மட்டும் போதாது. ஒரே மரபணுவில் இரண்டு பிறழ்வு வந்தால், அவை இரண்டும் அப்பாவிடமிருந்தே வந்தனவா, ஒன்று அம்மாவிடமிருந்தா என்பதைப் பெற்றோர் ரத்தம் இல்லாமல் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் அடுத்த பிரதி நல்லது, அப்போது நோய்க்குக் காரணம் வேறு எங்கோ. ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் ஆளுக்கு 3 முதல் 5 மில்லி, அம்மா, அப்பா, முடிந்தால் நோய் இல்லாத ஓர் உடன்பிறப்பு. எல்லாக் குழாயிலும் உறவுமுறையைத் தெளிவாக எழுதுங்கள். அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே சொந்தம் என்றால் அதையும் படிவத்தில் குறியுங்கள், பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.